யார் பிள்ளையை யார் பார்ப்பது?

பண்ருட்டி வட்டத்தில் ஒரு காலனி. பெயர் வேண்டாம். பொங்கல் முடிந்த இரண்டாவது வாரம், காலை ஐந்தரை மணிக்கு அங்கே போயிருந்தேன். கரும்பு வெட்டுக்கு ஆள் ஏற்றிப்போக 'சின்ன யானை' வண்டி வந்து நின்றது. தூக்குவாளியும் வெட்டுக்கத்தியுமாக ஆண்களும் பெண்களும் ஏறினார்கள். ஒரு பெண் கடைசியாக ஓடிவந்து, இடுப்பில் இருந்த பத்து மாதப் பையனைத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மகளிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். பையன் அழுதான். வண்டி போய்விட்டது.

மகளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஏழாவது படிக்கிறாள். அங்கன்வாடி அந்தத் திண்ணையிலிருந்து கூப்பிடு தூரம்தான், பூட்டியிருந்தது. "பால்வாடி தெறக்கிற வரைக்கும் நீ பாத்துக்கணுமா பாப்பா?" என்று கேட்டேன். "தெறந்தப்புறமும் நான்தாண்ணா. இவன அங்க வுட முடியாது. ரெண்டு வயசு ஆவணும்" என்றாள்.

நான் ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்த ஒன்றைத்தான் அவள் சொன்னாள். ஆனால் திட்டக் குறிப்பில் படிப்பதற்கும், அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு சிறுமி சொல்லிக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அதே நாளில் கடலூருக்குத் திரும்பினேன். ஒன்பது மணிவாக்கில் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் ஸ்கூட்டர்களும் கார்களும் வரிசையாக நின்றன. பெயர்ப் பலகையில் 'டே கேர், பிளே ஸ்கூல்' என்று எழுதி, பக்கத்தில் கரடி படமும் பலூன் படமும் போட்டிருந்தார்கள். வங்கியில் வேலை பார்ப்பவர், ஆசிரியை, அரசு அலுவலகத்தில் இருப்பவர், மருத்துவமனைச் செவிலியர் எனப் பலர் பிள்ளையை இறக்கிவிட்டு, டப்பாவில் சோறும் மாற்றுத் துணியும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாதக் கட்டணம் நாலாயிரம் என்றார்கள். மாலை ஆறு மணி வரை வைத்திருப்பார்களாம். அதற்கு மேல் ஆனால் தனிப் பணம்.

இந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவே இருப்பது பண வித்தியாசம் மட்டும்தானா? பணமும்தான். காலனிப் பெண்ணுக்கு அன்று கிடைத்த கூலி முந்நூறு ரூபாய். மாதத்தில் பதினைந்து நாள் வேலை கிடைத்தால் நாலாயிரத்து ஐந்நூறு. காப்பகத்துக்குக் கொடுத்தது போக ஐந்நூறு ரூபாய்க்காக யாரும் கரும்பு சுமக்கப் போகமாட்டார்கள். ஆனால் அந்தக் காப்பகம் இலவசமாகவே இருந்தாலும் அவளுக்கு உதவாது. அது திறப்பது எட்டரைக்கு, அவள் வண்டி ஏறுவது ஐந்தரைக்கு. காப்பகத்தின் கடிகாரம் அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்காகச் சுற்றுகிறது. மாதச் சம்பளம், நிச்சயமான நேரம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை ஆகிய மூன்றும் இருக்கிறவர்தான் பிள்ளையைக் காப்பகத்தில் விட முடியும். இந்த மூன்றும் எங்கள் தெருக்களில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?

பாட்டி என்னும் சொத்து

காப்பகத்தில் விடாத குடும்பங்கள் எல்லாம் ஒன்றல்ல. இதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள். 'கிராமத்தில் காப்பகம் எதற்கு, பாட்டி தாத்தா இருக்கிறார்களே' என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊர்த்தெருவில் நாலு ஏக்கர் வைத்திருக்கும் வீட்டில் அது உண்மை. மருமகள் வேலைக்குப் போனால் மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். அந்த மாமியாருக்கு ஐம்பத்தைந்து வயது, கால்வலி, கையில் கைப்பேசி, வீட்டில் பசுமாடு.

காலனியிலும் அதே ஐம்பத்தைந்து வயதில் ஆயா உண்டு. எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் அந்த ஆயா அதே வண்டியில் மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து களையெடுக்கப் போகிறார். உட்கார்ந்து சாப்பிடும் முதுமை நிலம் வைத்திருக்கிறவர்களுக்கு உரியது. எழுபது வயதிலும் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி எடுக்கிறவர்களை நம் மாவட்டத்தில் எந்த ஏரிக்கரையிலும் பார்க்கலாம். வீட்டில் சும்மா இருக்கும் ஒரு பாட்டி என்பது ஒரு சொத்து. அது பத்திரத்தில் எழுதப்படாத சொத்து என்பதால் கணக்கெடுப்பில் வருவதில்லை.

ஆயா வேலைக்குப் போனால், அடுத்த ஆள் அக்கா. ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை இருக்கும் பெண் பிள்ளை. பையன்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை.

இதை எழுதும் நான் முதுகலைத் தமிழ் படித்தவன். என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்த என் அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றது. அம்மாவும் ஆயாவும் நடவுக்குப் போன நாட்களில் நான் அக்காவிடம் இருந்தேன். முதலில் வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை, பிறகு நாலு நாள், பிறகு பேரே எடுத்துவிட்டார்கள். எங்கள் காலனிக்குப் பால்வாடி வந்தபோது எனக்கு மூன்று வயது கடந்திருந்தது. எனக்குச் சத்துணவு கிடைத்தது, அக்காவுக்குப் பள்ளிக்கூடம் திரும்பக் கிடைக்கவில்லை. இதைப் பற்றி அக்கா ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அங்கன்வாடி எவ்வளவு தூரம்

அங்கன்வாடி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. இந்தியாவில் வேறு பல மாநிலங்களுக்கு இது கனவு. மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகள் பற்றி 1972இல் அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, சின்னக் குழந்தைகளுக்கும் மதியச் சோறு வந்தது. என் வயதுக்காரர்கள் பலர் அந்தச் சோற்றில் வளர்ந்தவர்கள். அதைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆனால் இந்தத் திட்டம் குழந்தையின் எடையை அளவாக வைத்து உருவானது. தாயின் வேலை நேரத்தை வைத்து உருவாக்கப்படவில்லை. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்கு வரும், எடை பார்ப்பார்கள், தடுப்பூசிக்குக் கூப்பிடுவார்கள். பிள்ளையை வைத்துக்கொள்ள மாட்டார்கள். மையம் திறக்கும்போது வயலில் பாதி வேலை முடிந்திருக்கும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நல்ல திட்டம், ஆனால் அது ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. பிள்ளைக்குப் பால் மறக்கும் காலமும், தவழ்ந்து போய்த் தண்ணீர்த் தொட்டியில் விழும் காலமும், பேச்சு வரும் காலமும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள்தான் இருக்கின்றன. அந்தக் காலத்துக்குத்தான் யாரும் பொறுப்பில்லை.

மையம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது இன்னொரு கதை. உணவு உரிமை வழக்கில் 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை கொடுத்து மையங்கள் அமைக்க வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து, மையம் இல்லாமல் இருந்தால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் கொடுக்க வேண்டும். இந்தத் தீர்ப்பை எத்தனை ஊராட்சிகளில் படித்தார்கள் என்று தெரியவில்லை. ஊர்த்தெருவில் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் மையம் இருந்தால், காலனிப் பிள்ளைகள் தனித் தட்டு, ஓரத்தில் பாய் என்று உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்படிப் பார்ப்பது அரிது. அதற்குப் பதில் வேறொன்று நடக்கிறது. ஊர்த்தெருப் பிள்ளைகள் மூன்று வயதானதும் மஞ்சள் வேனில் ஏறித் தனியார் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். மையத்தில் மிஞ்சுவது எங்கள் பிள்ளைகள் மட்டும். மோதல் இல்லாமலே பிரிந்துவிட்டார்கள். இதை நல்லிணக்கம் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

மோதல் எல்லா இடத்திலும் ஓய்ந்துவிடவும் இல்லை. 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பூட்டுப் போடும் அளவுக்குப் போனார்கள். தன் பிள்ளையை யார் தொட்டுத் தூக்குகிறார், யார் ஊட்டுகிறார் என்பதில் இந்தச் சமூகம் இன்னும் கணக்குப் பார்க்கிறது. 'பிள்ளையை விட நல்ல இடமா' என்று கேட்கும்போது சிலர் எந்த 'நல்ல'தைக் கேட்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

எங்களுக்குள்ளும்

காலனி என்றால் எல்லோரும் ஒரே நிலையில் இருப்பதாக நினைக்க வேண்டாம். மகன் சென்னையில் கொத்தனார், மருமகன் வண்டி ஓட்டுநர், யாரோ ஒருவர் சிங்கப்பூர் என்று மாதம் பணம் வரும் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண் பிள்ளை பெற்றால் இரண்டு வருடம் வேலைக்குப் போகாமல் இருக்க முடியும். பிறகு பிள்ளையும் அந்த மஞ்சள் வேனில் ஏறும். கைம்பெண், கணவன் விட்டுப்போனவர், குடிகாரனைக் கட்டியவர் ஆகியோருக்கு அந்த இரண்டு வருடம் கிடையாது. அவர்கள் பிள்ளை பெற்ற மூன்றாவது மாதம் வேலைக்குப் போகிறார்கள்.

இட ஒதுக்கீட்டில் படித்து வேலைக்கு வந்த எங்களைப் போன்றவர்களும் இருக்கிறோம். என் மனைவி வேலைக்குப் போனதால் எங்கள் மகளையும் ஒரு காப்பகத்தில்தான் விட்டோம். சேர்க்கும்போது 'நீங்க எந்தப் பக்கம்?' என்று இரண்டு முறை கேட்டார்கள். எந்தப் பக்கம் என்றால் எந்தத் தெரு, எந்தத் தெரு என்றால் எந்தச் சாதி. தமிழ் படித்தவனுக்கு இந்தப் பொருள்கோள் புரியாதா? புரியாத மாதிரி ஊர் பெயரைச் சொல்லிவைத்தேன்.

அங்கே என் மகளைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூங்கவைத்தவர் ஒரு காலனிப் பெண். எங்கள் சாதிதான். மகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை கூட அவரைக் கேட்டு அழும். ஒருநாள் மகளைத் தூக்கப் போனபோது, "உங்க புள்ளய யாரு பாத்துக்கிறா?" என்று கேட்டுவிட்டேன். "பெரிய பொண்ணு இருக்குது சார்" என்றார். எத்தனாவது படிக்கிறது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

எங்கள் வீட்டுக்கு மாதம் இரண்டு சம்பளம் வந்ததில் அவர் பங்கு உண்டு, அவருடைய பெரிய பெண்ணின் பங்கும் உண்டு. காப்பகம் என்பதை நாம் கட்டணம் கட்டி வாங்கும் சேவை என்று நினைக்கிறோம். அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியை யாரோ ஒரு சிறுமி கட்டிக்கொண்டிருந்தாள்.

ஐம்பது பேர் சேரமாட்டார்கள்

சட்டங்களுக்குக் குறைவில்லை. தொழிற்சாலைச் சட்டம் 1948, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் வேண்டும் என்றது. கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996, ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் வேண்டும் என்றது. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம், ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றது. படிக்க இனிக்கிறது.

நம் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகைகளைப் பாருங்கள். ஒரு கொட்டகையில் பத்துப் பெண்கள், பதினைந்து பெண்கள். ஓட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைக்கிறார்கள். பால் குடிக்கும் பிள்ளையை அங்கே கொண்டுவர முடியாது. எந்தச் சட்டத்தின் எண்ணிக்கைக்குள்ளும் இந்தக் கொட்டகை வராது. கரும்பு வெட்டில் யார் முதலாளி என்றே சொல்ல முடியாது. ஆலையைக் கேட்டால் விவசாயியைக் காட்டும், விவசாயி மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரியும் எங்கள் காலனிக்காரர்தான். பொங்கல் கழிந்ததும் திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கம் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளைகளையும் அழைத்துப் போகின்றன. இங்கே அங்கன்வாடிப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை அங்கே மண் மேட்டில் உட்கார்ந்திருக்கும்.

நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு அருமையான ஏற்பாடு ஒன்று இருந்தது. வேலை நடக்கும் இடத்துக்கு ஐந்து சின்னப் பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால், அந்தப் பெண்களில் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்க்க வைத்து, அவருக்கும் அதே கூலி தர வேண்டும். எத்தனையோ வேலைத்தளங்களுக்குப் போயிருக்கிறேன். வேலமரத்தில் சேலையைக் கட்டி ஏணை ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். கூலி வாங்கிக்கொண்டு அதை ஆட்டும் பெண்ணைப் பார்த்தது இரண்டே இடங்களில்தான். 2023 ஜனவரியிலிருந்து வருகைப்பதிவைக் கைப்பேசிப் படமாக எடுப்பது கட்டாயமானது. ஒரு நாளில் இரண்டு முறை வரிசையில் நிற்க வேண்டும். இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் தாயின் படம் அரசாங்கத்தின் கணினியில் ஆயிரக்கணக்கில் இருக்கும். யாராவது அந்தப் படங்களில் உள்ள பிள்ளைகளை எண்ணலாம்.

காப்பகம் உண்மையாகவே வந்த இடம் ஒன்று உண்டு. அது தேயிலைத் தோட்டம். இந்த மாவட்டங்களிலிருந்தும் மலைக்கும் கடலுக்கு அப்பாலும் போனவர்களில் எங்கள் மக்கள் ஏராளம். இலங்கை மலையகத்தில் அதற்குப் பிள்ளைக் காம்பரா, பிள்ளை மடுவம் என்று பெயர். இந்தியாவில் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. தோட்டத்துரைகள் கருணையில் வைக்கவில்லை. கொழுந்து பறிக்கப் பெண்ணின் விரல் வேண்டும், அந்தப் பெண் வர வேண்டுமென்றால் பிள்ளையை எங்காவது கிடத்த வேண்டும். வயலிலும் நாற்று நடப் பெண்ணின் விரல்தான் வேண்டும். ஆனால் இங்கே பெண்கள் எப்படியும் வந்துவிடுகிறார்கள், பிள்ளையை என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1928இல் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்தின் சுமையைத் தாய் தனியாகச் சுமக்கக் கூடாது, அரசும் அவள் உழைப்பில் பயனடையும் முதலாளியும் ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆகிறது. இன்று தமிழ்நாட்டில் அரசு ஊழியராக இருக்கும் தாய்க்கு, 2021 ஜூலையிலிருந்து ஓராண்டு சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு. அது நியாயம், அதைக் குறைக்கச் சொல்லவில்லை. கூலிக்குப் போகும் தாய்க்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18 ஆயிரம். அதில் கையில் வரும் பணம் 14 ஆயிரம், மற்றது ஊட்டச்சத்துப் பெட்டகம். முந்நூறு ரூபாய்க் கூலியால் வகுத்துப் பார்த்தேன். நாற்பத்தாறு நாள் வருகிறது. அதுவும் தவணை தவணையாக.

கர்நாடகத்தில் 2023இல் 'கூசின மனெ' என்று நாலாயிரம் ஊராட்சிக் காப்பகங்களை அறிவித்தார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளுக்காக, அதே வேலை அட்டை வைத்திருக்கும் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து நடத்தும் ஏற்பாடு. ஒன்றிய அரசின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்துக்கு வழி இருக்கிறது, ஆறு மாதப் பிள்ளையிலிருந்து சேர்க்கலாம். ஆனால் செலவில் 40 விழுக்காட்டை மாநிலம் போட வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் வேகத்தில்தான் விஷயம் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காலை ஆறு மணிக்கு மையத்தைத் திற என்று இப்போதைய அங்கன்வாடி ஊழியர்மேல் சுமத்தினால் அது இன்னொரு அநியாயம். சமையல், பதிவேடு, எடை, கைப்பேசிச் செயலி, தேர்தல் வேலை என்று அவர்கள் ஏற்கெனவே திணறுகிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் நம் பெண்கள். காலை வேளைக்கும் கைக்குழந்தைக்கும் தனியாக ஆள் போட வேண்டும், முறையான கூலியோடு.

போன வாரம் மறுபடியும் அந்தக் காலனிக்குப் போனோம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் ஆட்சியரிடம் மனுக் கொடுப்பதாகப் பேசி முடிவானது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பட்டியல் வேண்டும் என்றேன். தெருவில் நல்ல கையெழுத்து யாருக்கு என்று கேட்டதும் எல்லோரும் அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணைக் காட்டினார்கள். தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, கோடு போட்ட நோட்டில் பெயர், பிறந்த தேதி, தாய் பெயர், தாய் என்ன வேலைக்குப் போகிறார் என்று நாலு பத்தி பிரித்து எழுதிக் கொடுத்தாள். இருபத்து மூன்று பெயர்கள். தம்பி பெயர் ஏழாவதாக இருக்கிறது.